‘எ மைட்டி ஹார்ட்’: மலையகத்தில் திரையிடுவோரும் பார்ப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2002 ஜனவரி 23ஆம் திகதி பாகிஸ்தானின் கராச்சி நகரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் டானியல் பேர்ள் கடத்தப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டார். அவரைத் தேடிய வாரங்களைப் படமாக்கியதுதான் 2007இல் வெளிவந்த ‘எ மைட்டி ஹார்ட்’. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் வாசிகசாலையிலோ பாடசாலையிலோ தோட்ட மண்டபத்திலோ இதைப் போட்டுக் காட்ட விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. முதலில் படத்தையும் சம்பவத்தையும் பற்றியவை. திரையிடும் வேலைகள் பிற்பகுதியில் வருகின்றன.

படம் யாருடையது? எவ்வளவு நேரம் ஓடும்?

இயக்கியவர் பிரித்தானியரான மைக்கல் விண்டர்பொட்டம். பேர்ளின் மனைவி மரியான் எழுதி 2003இல் வெளியான நினைவு நூலை வைத்து ஜோன் ஓர்லோஃப் திரைக்கதை எழுதினார். மரியானாக அஞ்சலினா ஜோலியும், டானியலாக டான் ஃபட்டர்மனும், அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரியான பத்திரிகையாளர் அஸ்ரா நோமானியாக ஆர்ச்சி பஞ்சாபியும் நடித்தார்கள். ‘கப்டன்’ என்று மட்டும் அழைக்கப்படும் பாகிஸ்தான் புலனாய்வு அதிகாரியாக வருபவர் இர்ஃபான் கான். 2007 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே முதன்முதலாகத் திரையிட்டார்கள். நீளம் 108 நிமிடம். ஆங்கிலம்தான் அதிகம். உருதும் பிரெஞ்சும் இடையிடையே வரும்.

கொலையைக் காட்டுகிறார்களா? பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

காட்டவில்லை. கொலையாளிகள் அனுப்பிய ஒளிப்பதிவு வந்து சேர்ந்ததும் அதைப் பார்த்தவர்களின் முகங்களைப் பார்க்கிறோம், செய்தி மரியானிடம் சொல்லப்படுவதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இந்தப் படத்தின் மிகப் பெரிய நேர்மை இதுவென்றே சொல்வோம். அந்த ஒளிப்பதிவு பேர்ளை அவமதிப்பதற்காகவே எடுக்கப்பட்டது. அதைத் தேடிப் பார்க்க வேண்டாம், கைபேசியில் பகிரவும் வேண்டாம் என்று படம் தொடங்குமுன் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். இளைஞர்கள் நிறைந்த மண்டபத்தில் படம் முடிந்த கையோடு யாராவது ஒருவர் அதைத் தேடத்தான் பார்ப்பார்.

ஆனாலும் இது சிறுவர் படமல்ல. அமெரிக்காவில் பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களின் துணையோடு மட்டும் பார்க்கலாம் என்ற தரம் பெற்றது. விசாரணையில் ஒருவரைக் கட்டித் தொங்கவிட்டு வதைக்கும் காட்சி உண்டு, கெட்ட வார்த்தைகள் உண்டு, பிரசவக் காட்சி உண்டு. கணவன் இறந்தது தெரிந்த நொடியில் மரியான் அறைக்குள் போய்க் கத்தும் கத்தல் நீண்ட நேரம் நெஞ்சில் நிற்கும். உயர்தர மாணவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் பார்க்கலாம். சாதாரண தர வகுப்புகளுக்குப் போட வேண்டாம்.

பெயர்கள் குழப்புகின்றன. யார் யாரைக் கடத்தியது?

பார்ப்பவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். படம் நின்று விளக்காது. வீட்டுக்குள் ஒரு வெள்ளைப் பலகையில் பெயர்களை எழுதிக் கோடு இழுத்துக்கொண்டே போவார்கள், கமரா அதை ஓரிரு விநாடிக்கு மேல் காட்டாது. ஆகவே படத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கரும்பலகையில் பின்வரும் சங்கிலியை எழுதிக் காட்டுங்கள்.

2001 டிசம்பர் 22ஆம் திகதி ரிச்சர்ட் ரீட் என்பவன் பாரிஸிலிருந்து மியாமி சென்ற விமானத்தில் சப்பாத்துக்குள் மறைத்த வெடிமருந்தைப் பற்றவைக்க முயன்று பிடிபட்டான். அவனுக்கும் பாகிஸ்தானின் மதத் தலைவர் முபாரக் அலி கிலானிக்கும் தொடர்பு உண்டா என்று பேர்ள் ஆராய்ந்தார். கிலானியைப் பேட்டி காண வழி தேடியபோது, உள்ளூர் உதவியாளர் ஒருவர் மூலம் ‘ஆரிஃப்’ என்பவர் கிடைத்தார். ஆரிஃப், ‘பஷீர்’ என்பவரிடம் அழைத்துப் போனார். ஜனவரி 11ஆம் திகதி ராவல்பிண்டியில் ஒரு ஹோட்டலில் பஷீரும் பேர்ளும் சந்தித்தார்கள். கராச்சியில் கிலானியிடம் கூட்டிப்போக ‘இம்தியாஸ் சித்திக்’ என்பவர் வருவார் என்று ஏற்பாடாயிற்று.

இதில் பஷீர் என்பது பொய்ப் பெயர். ஆள் ஒமார் ஷேக். லண்டனில் பிறந்தவன், லண்டன் பொருளியல் கல்லூரியில் படித்தவன். 1994இல் இந்தியாவில் மேலைநாட்டுச் சுற்றுலாப் பயணிகளைக் கடத்திச் சிறை சென்று, 1999 டிசம்பரில் கந்தஹாருக்குக் கடத்தப்பட்ட இந்திய விமானத்தின் பயணிகளுக்கு ஈடாக விடுவிக்கப்பட்டவன். ‘இம்தியாஸ் சித்திக்’ என்பதும் மாற்றுப் பெயர்தான். கிலானியோ இதில் சம்பந்தப்படவேயில்லை. அவர் பொலிஸாரிடம் வந்து, விசாரிக்கப்பட்டு, விடப்பட்டார். “கிலானிதானே கடத்தினார்?” என்று கடைசி வரை நினைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர் பெயர் வெறும் தூண்டில் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் படத்தின் நடுப்பகுதி தெளிவாக விளங்கும்.

பேர்ள் கவனயீனமாகப் போய்த்தானே மாட்டிக்கொண்டார்?

படம் முடிந்ததும் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இதற்குச் சரியான பதில் இல்லாமல் மண்டபத்தை விட்டு யாரையும் அனுப்பாதீர்கள்.

பேர்ளுக்கு அப்போது வயது 38. வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையின் தெற்காசியப் பணியகத் தலைவராக மும்பையில் இருந்து வேலை செய்தார். ஆபத்தான இடங்களுக்குத் துள்ளிப் பாய்கிறவர் அல்ல. போர் நடந்த ஆப்கானிஸ்தானுக்குள் போவதையே தவிர்த்தவர். கிலானியைச் சந்திப்பது பாதுகாப்பானதா என்று அன்றைய தினமே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் பாதுகாப்பு அதிகாரியிடமும், கராச்சியில் பொலிஸாருடன் சேர்ந்து கடத்தல் வழக்குகளைக் கையாண்ட குடிமக்கள் அமைப்பின் தலைவரிடமும் கேட்டார். பொது இடத்தில் மட்டும் சந்தியுங்கள் என்றே அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் போனதும் பொது இடத்துக்குத்தான். மெட்ரோபோல் ஹோட்டல் அருகிலுள்ள வில்லேஜ் உணவகம் அது.

பிழைத்தது எங்கே என்றால், அந்த உணவகம் சந்திப்பு இடமாக இல்லை, வாகனத்தில் ஏற்றும் இடமாக இருந்தது. ‘பொது இடம்’ என்ற ஆலோசனை, அங்கிருந்து வேறெங்கும் நகராதவரைதான் காக்கும். இன்னொரு காரணம் நம்பிக்கை கட்டப்பட்ட விதம். ஜனவரி 11க்கும் 23க்கும் இடையில் ஒமார் ஷேக் அவசரப்படவே இல்லை. மின்னஞ்சலில் மரியாதையாக எழுதினான். மனைவிக்குச் சுகமில்லை, பிரார்த்தியுங்கள் என்று வீட்டுக் கதை சொன்னான். கிலானி சம்மதிக்கிறாரோ இல்லையோ என்று இழுத்தடித்தான். கேட்டவுடன் கிடைத்திருந்தால் பேர்ள் சந்தேகப்பட்டிருப்பார், தாமதம்தான் அதை உண்மைபோல ஆக்கியது. ஆரிஃபும் பஷீரும் சித்திக்கும் மூன்று தனி ஆட்களாகத் தெரிந்தார்கள். உண்மையில் ஒருவரை மற்றவர் உறுதிப்படுத்திய ஒரே கூட்டம் அது.

கடத்தியவர்கள் கேட்டது என்ன? ஏன் பேச்சுவார்த்தை நடக்கவில்லை?

முதல் மின்னஞ்சல் நான்கு நாளில் வந்தது. கையில் விலங்கும் தலையில் துப்பாக்கியுமாகப் பேர்ளின் படங்கள், செய்தித்தாளைப் பிடித்தபடி ஒன்று. அமெரிக்காவின் குவாந்தனாமோ சிறைமுகாமில் உள்ள பாகிஸ்தானியரை விடுவிக்க வேண்டும், அமெரிக்கா நிறுத்திவைத்த எஃப்-16 போர் விமானங்களைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க வேண்டும் என்று கோரினார்கள். ஒரு பத்திரிகையோ குடும்பமோ நிறைவேற்றக்கூடிய கோரிக்கைகளா இவை? பணம் கேட்டிருந்தால் பேரம் பேச ஒரு வழி இருந்திருக்கும். முதலில் அவரை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏயின் ஆள் என்றார்கள், ஜனவரி 30இல் வந்த அடுத்த மடலில் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாட்டின் ஆள் என்றார்கள், 24 மணித்தியாலத்தில் கொல்வோம் என்றும் எழுதினார்கள். அதே நாட்களில் அவர் யூதர் என்பதைப் பாகிஸ்தான் பத்திரிகை ஒன்று வெளியிட்டுவிட்டது. அந்தக் காட்சியில் அறைக்குள் இருப்பவர்கள் ஏன் அப்படி உறைந்துபோகிறார்கள் என்பது இதை அறிந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

மின்னஞ்சல் அனுப்பிய இணைப்பைத் தடம் பிடித்துத்தான் பொலிஸார் உள்ளூர்க் கூட்டாளிகளை அடைந்தார்கள். இர்ஃபான் கானின் கப்டன் இரவில் வீடு வீடாக நுழையும் காட்சிகள் அந்தத் தேடல்தான். அவர் குரலை உயர்த்தாமலே அந்த மனிதனின் களைப்பையும் வெட்கத்தையும் காட்டுகிறார். படத்தில் ஒருவரின் நடிப்பை மட்டும் ஊன்றிப் பார்ப்பதென்றால் அவருடையதைப் பாருங்கள்.

எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

நாட்கள், ஆட்கள், சங்கிலி எல்லாம் பெரும்பாலும் நடந்தபடியே. வீட்டுக்குள் நடப்பவற்றில் நிறையவற்றை இந்தியாவில், புனே நகரில் படமாக்கினார்கள். கராச்சித் தெருக்கள் சிலவற்றைச் சிறு குழுவோடு அங்கேயே எடுத்தார்கள். கையில் பிடித்த கமரா, ஒருவர் மேல் ஒருவர் விழும் பேச்சு, ஓயாமல் அடிக்கும் தொலைபேசிகள் எல்லாம் வேண்டுமென்றே வைத்தவை.

இரண்டு விமர்சனங்களை மறைக்க வேண்டாம். மரியானின் தாய் கியூபாவைச் சேர்ந்தவர், கலப்பு வம்சம். அந்தப் பாத்திரத்துக்கு வெள்ளையரான ஜோலியின் நிறத்தையும் முடியையும் மாற்றி நடிக்கவைத்ததைப் பலர் கண்டித்தார்கள். மரியான் தானே ஜோலியை விரும்பினார் என்பதும் உண்மை. அடுத்தது அஸ்ரா நோமானி எழுதியது. படம் வந்தபோதே, தன் கொலைக் கதையில் டானியலே ஒரு சிறு பாத்திரமாகிவிட்டார் என்று அவர் மனம் நொந்து எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேர்ள் எப்படிப்பட்ட பத்திரிகையாளர், என்ன எழுதினார், வயலின் வாசித்தார் என்பதெல்லாம் படத்தில் மிகக் கொஞ்சம். அறிமுகம் செய்கிறவர் அதை நிரப்பலாம்.

படம் முடிந்த பிறகு வழக்கில் என்ன நடந்தது?

ஒளிப்பதிவு 2002 பெப்ரவரி 21இல் வெளிப்பட்டது. உடல் மே மாதம் கராச்சியின் புறநகரில் கிடைத்தது. மகன் ஆடம் அதே மாதம் 28ஆம் திகதி பாரிஸில் பிறந்தான். ஜூலை 15இல் ஒமார் ஷேக்குக்கு மரண தண்டனையும் மற்ற மூவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 2007 மார்ச்சில் குவாந்தனாமோ விசாரணையில், கழுத்தை வெட்டியது தானே என்று அல்கைதாவின் காலித் ஷேக் முகமது சொன்னதாகப் பதிவு வெளியானது. 2011இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அஸ்ரா நோமானியும் மாணவர்களும் சேர்ந்து செய்த நீண்ட புலனாய்வு அறிக்கை வந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பலர் அறியார். 2020 ஏப்ரல் 2ஆம் திகதி சிந்து உயர் நீதிமன்றம் ஒமார் ஷேக்கின் கொலைக் குற்றத்தை நீக்கிக் கடத்தலுக்கு மட்டும் ஏழு வருடம் என்றது. மற்ற மூவரையும் விடுவித்தது. 2021 ஜனவரி 28ஆம் திகதி பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் ஒமார் ஷேக்கையும் விடுவிக்க உத்தரவிட்டது. அறிமுக உரையில் ‘குற்றவாளிக்கு மரண தண்டனை கிடைத்தது’ என்று பழைய கட்டுரைகளைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

தமிழ் வசனவரி (சப்டைட்டில்) எப்படிச் செய்வது? எங்கே பிழைக்கும்?

முதல் பிழை, எடுக்கும் மூலத்தில். ஆங்கில வசனவரி இரண்டு வகையில் வரும். ஒன்று எல்லாப் பேச்சுக்கும் உரியது. மற்றது உருது, பிரெஞ்சுப் பேச்சுக்கு மட்டுமானது. இரண்டாவதை எடுத்துத் தமிழாக்கினால் படத்தின் முக்கால்வாசி ஊமையாகப் போகும். கோப்பைத் திறந்து, தொடக்கத்தில் மரியான் ஆங்கிலத்தில் பேசும் வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

தட்டச்சில் பாமினி எழுத்துரு வேண்டவே வேண்டாம். நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் அது பழக்கம்தான், ஆனால் வசனவரியில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல் வரும். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள், பாமினியில் இருப்பதை எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றுங்கள். கோப்பை எஸ்ஆர்டி (.srt) வடிவில் சேமிக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 (UTF-8) ஆக இருக்கட்டும். வேறாக இருந்தால் திரை முழுக்கக் கேள்விக்குறி. விஎல்சி மென்பொருளில் எழுத்துருவை ‘நிர்மலா யூஐ’ அல்லது ‘லதா’ என்று அமைத்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கும்.

ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. வசனவரித் திருத்தி மென்பொருள் ‘மிக நீளம், மிக வேகம்’ என்று சிவப்புக் காட்டும். அதை அப்படியே நம்ப வேண்டாம். ‘கொ’ நமக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு. ஆகவே தமிழ் வரியை அது உள்ளதை விட நீளமாக எண்ணுகிறது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், ஒரு தடவை வாசித்து முடித்துப் படத்தையும் பார்க்க நேரம் இருந்தால் போதும். இந்தப் படத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் இடங்கள் நிறைய. எல்லாவற்றையும் எழுதப் போகாமல், கதையை நகர்த்தும் ஆளின் பேச்சை மட்டும் எழுதுங்கள். ஆட்பெயர்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். ‘பஷீர்’ ஓரிடத்தில் ‘பாசிர்’ ஆனால் பார்ப்பவர் புதிய ஆள் என்று நினைப்பார்.

வரிகள் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகப் பின்தங்கினால் காரணம் வேகம். நம் நாட்டில் பழக்கமான பால் (PAL) முறை டிவிடி விநாடிக்கு 25 சட்டகத்தில் (ஃபிரேம்) ஓடும், மூலப் படம் 24. அதனால் 108 நிமிடப் படம் 104 நிமிடத்துக்குள் முடியும். நிமிடத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் விலகும், கடைசியில் நான்கு நிமிடத்துக்கு மேல் பிழைக்கும். இதை விசையால் தள்ளிச் சரிக்கட்ட முடியாது. திருத்தியில் சட்டக வேகத்தை 24 இலிருந்து 25க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். முழுப் படத்திலும் ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ மட்டும் விஎல்சியில் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம்.

தோட்ட மண்டபத்தில் என்ன உபகரணம், எப்படி வைப்பது?

2.4 மீற்றர் அகலத் திரைக்கு 3000 லூமன் (ஒளியின் அளவு) ஒளிவீசி (புரொஜெக்டர்) போதும். இரவுக் காட்சிகள் நிறைய உள்ள படம் என்பதால் அதற்குக் குறைந்தால் முகம் தெரியாது. வீச்சு விகிதம் (திரைக்கான தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள கருவியைத் திரையிலிருந்து 3.6 மீற்றரில் வைக்க வேண்டும். இது அகலத்திரைப் படம். 2.4 மீற்றர் அகலத்துக்குப் படத்தின் உயரம் ஒரு மீற்றர் அளவே வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். வசனவரியைக் கீழ்ப் பட்டைக்குள் இறக்கினால் எழுத்து தெளிவாகத் தெரியும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.3 மீற்றராவது உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் வசனவரியை மறைக்கும், பின்னால் இருப்பவருக்குப் படமே போச்சு.

பகலில் போடுவதென்றால் ஜன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் இரண்டு மடிப்பாக, அல்லது லொறிப் படங்கு. மெல்லிய துணி போதாது.

நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி அயலில் குளிரிலிருந்து ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் வில்லை மேல் பனிபோல நீர் படியும். துடைத்தால் கீறல் விழும். படத்துக்கு 30 நிமிடம் முன்பே பெட்டியைத் திறந்து மண்டபத்துக்குள் வைத்துவிடுங்கள், தானாகவே தெளியும்.

ஒலியில் அடிக்கடி வரும் முறைப்பாடு: ‘பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை.’ ஆறு தடத்தில் பதிந்த ஒலியில் பேச்சு நடுத் தடத்தில் இருக்கும். இரண்டு ஒலிபெருக்கிக்கு மட்டும் இடம், வலம் தடங்களை அனுப்பினால் பேச்சு அமுங்கும். விஎல்சியின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோவைத் தெரிவு செய்யுங்கள், ஒலி விளைவுகளில், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரெசரைப் போடுங்கள். ஒலிபெருக்கிகளை உட்கார்ந்தவர் காதுக்குச் சற்று மேலே, மண்டபத்தின் முன்பக்கம் வையுங்கள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்த ஒலியும் தாங்காது. அந்த நேரத்தில் வசனவரிதான் துணை, அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுத்தோம்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

ஞாயிறு பிற்பகல் 2 மணி. படம் 108 நிமிடம், முன்னுரை 10, பேச்சு 40. ஐந்து மணிக்குள் முடியும். பனிமூட்டம் இறங்குமுன், சிறுத்தை நடமாட்டம் உள்ள பாதைகளில் இருட்டுமுன் எல்லோரும் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சம்பள நாளையும் கோயில் திருவிழாவையும் தவிருங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை மேற்குச் சரிவில் காற்றும் மழையும் கடுமை, மின்சாரம் அடிக்கடி போகும்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். வீட்டுக்கு வாங்கிய டிவிடியோ இணையக் கட்டணமோ பொது இடத்தில் காட்டும் உரிமையைத் தராது, டிக்கெட் வைக்காவிட்டாலும். விநியோக உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். கல்விக்காக, கட்டணமின்றி, எத்தனை பேர், எந்த நாள், ஒரே தடவை என்ற விபரங்கள் கடிதத்தில் இருக்கட்டும். பதில் வர வாரக்கணக்காகும். பாடசாலையானால் அதிபரின் எழுத்துச் சம்மதம், தோட்டத்தின் மண்டபமானால் நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதம்.

உறவினரைக் காணாமல் போகக் கொடுத்தவர்கள் வருவார்களே?

வருவார்கள், இந்த நாட்டில் எந்த மண்டபத்திலும் ஒருவராவது இருப்பார். கதவருகே வரிசை ஓரத்தில் இடம் ஒதுக்கி, கத்தல் காட்சி ஒன்று பிற்பகுதியில் வருகிறது என்று முன்பே சொல்லுங்கள். எழுந்து போகிறவரை யாரும் பின்தொடர்ந்து விசாரிக்க வேண்டாம். ஒரு பெண் வெளியே வாங்கில் பிளேன்டீயோடு இருந்தால் போதும், தேவைப்பட்டவர் தானாக வந்து உட்காருவார். பேச்சில் யாருடைய பெயரையும் சொல்லி, “அக்கா, உங்கட விசயத்தையும் சொல்லுங்க” என்று அழைக்கவே கூடாது. கதைக்க விரும்புகிறவர் கையுயர்த்துவார்.

பேச்சுக்கு என்ன கேள்விகள் போடலாம்?

பேர்ளின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. நம் நாட்டில் கடத்தப்பட்ட பத்திரிகையாளர்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று தொடங்குங்கள். 1990 பெப்ரவரியில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டு மறுநாள் உடலாகக் கிடைத்த ரிச்சர்ட் டி சொய்சா. 2005 ஏப்ரல் 28இல் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு நாடாளுமன்றத்துக்கு அருகே கிடந்த தர்மரத்தினம் சிவராம். 2008 மே மாதம் கடத்தித் தாக்கப்பட்டு விடப்பட்ட கீத் நொயார். 2010 ஜனவரி 24 முதல் காணாமல் போன பிரகீத் எக்னலிகொட. பேர்ளின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து குவிந்தார்கள். பிரகீத்தின் மனைவி சந்தியா நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் ஒரு மணித்தியாலமும் போதாது.

மலையகத்துக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் பத்திரிகையாளரும் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல் வேடமிட்டு லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டு, பின்னர் ‘தேசபக்தன்’ பத்திரிகையில் எழுதினார். தகவலுக்காக ஆபத்தான இடத்துக்குப் போவது எப்போது கடமை, எப்போது தவிர்க்க வேண்டியது? மாணவர்கள் இதில் இரண்டு பக்கமும் நின்று வாதாடட்டும்.

சித்திரவதைக் காட்சியையும் விட்டுவிடாதீர்கள். தேடுகிறவர்கள் நல்லவர்கள் என்பதால் அது சரியாகிவிடுமா? படம் தீர்ப்புச் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகிறது.

நாங்கள் பிரதேச நிருபர்கள். இதிலிருந்து எதைக் கைக்கொள்ளலாம்?

முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்கப் போகுமுன் ஒரு தாள் எழுதி ஆசிரியரிடமோ வீட்டிலோ கொடுங்கள். யாரை, எங்கே, எத்தனை மணிக்கு, அவரை அறிமுகப்படுத்தியவர் யார், அந்த அறிமுகக்காரரை உங்களுக்கு எப்படித் தெரியும், எந்த வாகனம், அதன் இலக்கம், திரும்பும் நேரம். அறிமுகக்காரர்கள் எல்லோரும் ஒரே ஆளிடம் போய் முடிகிறார்களா என்று பாருங்கள், பேர்ளுக்கு நடந்தது அதுதான். அந்த அறிமுகக்காரர்களோடு சம்பந்தமில்லாத ஒருவராவது அந்த ஆளை அறிந்திருக்க வேண்டும்.

இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினால், அல்லது ‘இங்கிருந்து வாகனத்தில் கூட்டிப்போவோம்’ என்றால் திரும்பி வாருங்கள். இதற்கு விலக்கு வைக்க வேண்டாம். அழைப்பு நேரத்தை மணிக்கணக்கில் வைத்தால் மலையில் சரிவராது. பள்ளத்தில் சிக்னல் இருக்காது, வீட்டில் வீணாகப் பயப்படுவார்கள். இடக்கணக்கில் வையுங்கள்: சந்தியில் ஒன்று, ஸ்டோருக்கு மேல் வளைவில் ஒன்று, திரும்பி வரும்போது அதே வளைவில் ஒன்று. ஓர் அழைப்பு தவறினால் அரை மணித்தியாலம் பொறுத்து மறுபடி அழைப்பது, இரண்டு தவறினால் தாளை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போவது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். உயிரோடிருப்பதை உறுதிசெய்ய ஒரு கேள்வியும் பதிலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில் முகநூலில் எங்கும் இருக்கக் கூடாது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததாகவும் இருக்கக் கூடாது.

வெளிநாட்டில் வேலைக்குப் போனவரைப் பிடித்து வைத்துப் பணம் கேட்கிறார்கள் என்றால்?

பணம் அனுப்புமுன் அவரோடு நேரடியாகக் கதைக்கக் கேளுங்கள், மேலே சொன்ன கேள்வியைக் கேளுங்கள். அழைப்பு வந்த இலக்கம், நேரம், சொன்ன சொற்கள், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள், குரல் பதிவையும் செய்தியையும் அழிக்காதீர்கள். கடவுச்சீட்டுப் பிரதி, வேலை ஒப்பந்தம், அனுப்பிய முகவரின் விபரம் ஆகியவற்றோடு கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் அறிவியுங்கள். பணியகத்தின் இலக்கம் 1989. முகவர் மிரட்டினால் உள்ளூர்ப் பொலிஸில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். முகநூலில் படத்தைப் போட்டு உதவி கேட்பது கடைசி வழி. அவருடைய மதம், இனம், குடும்ப விபரம் எதையும் அதில் எழுத வேண்டாம்.

பாதியில் மின்சாரம் போனால்?

650 விஏ யூபிஎஸ் ஒளிவீசியைச் சில நிமிடமே தாங்கும். அது படத்தைத் தொடர்வதற்கல்ல, விளக்கின் விசிறி ஓடிச் சூடு ஆறுவதற்கு. சூட்டோடு அணைந்தால் விளக்கின் ஆயுள் குறையும். ஒளிவீசி, மடிக்கணினி, ஒலிபெருக்கி மூன்றுக்கும் சேர்த்து ஒரு கேவிஏ ஜெனரேட்டர் போதும். மண்டபத்துக்கு வெளியே, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள், புகை உள்ளே வரக் கூடாது. நின்ற நிமிடத்தைக் குறித்துவைத்து, மூன்று நிமிடம் பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள். இடைவேளையில் கரும்பலகையிலுள்ள பெயர்ச் சங்கிலியை இன்னொருமுறை வாசித்துக் காட்டினால் அந்த நேரமும் உதவும்.